ஜாப் ஒர்க் பட்டறைக்கு ஃபியூஷன் கட்டுப்படியாகுமா?

டிசைன் போட்டு, அதை வெட்ட மெஷினுக்குப் புரோகிராமும் எழுதித் தரும் சாஃப்ட்வேரான ஆட்டோடெஸ்க் ஃபியூஷனைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள். நான் கோவை கணபதியில் ஒரே ஒரு வி.எம்.சி.யை (புரோகிராம்படி தானாக உலோகத்தை வெட்டும் மெஷின்) வைத்து பம்ப் கம்பெனிகளுக்கு ஃபிக்சரும் டையும் போட்டுக் கொடுக்கிறவள். மாதாமாதம் மெஷின் லோன் கட்டுகிற ஆள் பார்வையில் இதைப் படியுங்கள்.

முதலில் 'ஃப்ரீயாகக் கிடைக்குமே' என்ற பேச்சு. அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும், தொழிலுக்கு ஆகாது. ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், 2020-இல் அந்த இலவசப் பதிப்பில் ரேப்பிட் நகர்வையும் தானாக டூல் மாற்றுவதையும் எடுத்துவிட்டார்கள். டூல் காற்றில் போகும்போதும் வெட்டும் வேகத்தில் ஊர்ந்தால் மணிக்கணக்கில் கூலி வாங்குகிற நமக்கு என்ன மிஞ்சும்? சந்தா கட்டித்தான் ஆக வேண்டும்.

கட்டலாம். காரணம் அடாப்டிவ் கிளியரிங் என்ற வெட்டும் முறை. 2012-இல் ஹெச்.எஸ்.எம்.ஒர்க்ஸ் என்ற டென்மார்க் கம்பெனியை ஆட்டோடெஸ்க் வாங்கியபோது கூடவே வந்த சரக்கு இது. 12 எம்.எம். எண்ட்மில் கட்டரை வைத்து உலோகத்தில் ஒரு பாக்கெட் (குழி) எடுக்க வேண்டும் என்றால், பழைய முறையில் ஒரு எம்.எம். ஒரு எம்.எம்.மாக இறங்குவோம். நுனி மட்டும் தேயும், மேலே இருக்கும் ஃப்ளூட் (வெட்டும் பள்ளங்கள்) எல்லாம் புதுசாகவே குப்பைக்குப் போகும். மூலை வந்தால் டூல் கத்தும். இதில் 24 எம்.எம். ஆழம் ஒரே இறக்கம், பக்கவாட்டில் 1.2 எம்.எம்.தான் கடி. மூலையிலும் அந்தக் கடி கூடாதபடி பாதையை வளைத்து வளைத்துப் போடுகிறது. டூல் நகரும் வேகமான ஃபீடைத் தைரியமாக ஏற்றலாம். ஸ்பிண்டில் சத்தம் ஒரே சீராக இருக்கும். எங்கள் பையன் அதைக் கேட்டுக்கொண்டே டீ குடிக்கப் போய்விடுகிறான், அது வேறு விஷயம். மெஷின் பழசுதான், எண்ட்மில்லும் எல்லாரும் வாங்குகிற அதே கடையில் வாங்கியதுதான். ஆனால் எங்கள் கொட்டேஷன் இறங்கியிருக்கிறது.

அடுத்தது போஸ்ட் ப்ராசஸர், அதாவது சாஃப்ட்வேர் போட்ட பாதையை நம் மெஷினுக்குப் புரியும் கோடாக மாற்றுகிற ஃபைல். மெஷின் புரோகிராம் எழுதும் பெரும்பாலான கேம் (CAM) சாஃப்ட்வேரில் இதில் ஒரு வரி மாற்றவே டீலரைக் கூப்பிட வேண்டும், அவர் தனி பில் போடுவார். ஃபியூஷனில் அது திறந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். எங்கள் மெஷினை ஓட்டும் ஃபனுக் கண்ட்ரோலுக்குத் தகுந்த மாதிரி, டூலை ஹோமுக்கு அனுப்ப ஜி28 கோடுக்குப் பதில் ஜி53 வரவைப்பதற்கு ஃபைலைக்கூடத் திறக்க வேண்டாம், செட்டிங்கில் ஒரு க்ளிக். அதற்கு மேல் வேண்டுமென்றால் கோட் தெரிந்த ஆள் வேண்டும். இங்கேதான் நம் பட்டறைகள் அடி வாங்குகின்றன: மெஷினுக்கு லட்சம் லட்சமாகக் கொட்டுவோம், புரோகிராமருக்குச் சம்பளம் கேட்டால் முகம் சுளிப்போம்.

குறை? எல்லாம் க்ளவுடில். நெட் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டலாம், அப்புறம் லாகின் கேட்கும். ட்ராயிங் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிற கஸ்டமர் இருந்தால் முதலிலேயே பேசிவிடுங்கள். ஐந்து ஆக்சிஸும் ஒரே நேரத்தில் நகர்ந்து வெட்டும் வேலைக்குத் தனியாகக் காசு. 2024-இல் 'ஃபியூஷன் 360' என்ற பேரிலிருந்து '360'-ஐ எடுத்தார்கள், விலையிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

முப்பது நாள் ட்ரையல் இருக்கிறது. டெமோ பீஸை விட்டுவிட்டு, உங்களிடம் திரும்பத் திரும்ப வருகிற ஒரு ஜாபைப் போட்டு சைக்கிள் டைம் (ஒரு பீஸ் முடிய ஆகும் நேரம்) பாருங்கள். இரண்டாவது மெஷின் எப்போது என்று மாமனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் பையனை ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பில் சேர்த்திருக்கிறேன்.