நோயாளி பராமரிப்புப் படிப்புக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

மூன்று மாதச் சம்பளம். ஒரே தவணையில் கட்டினேன். கையில் இருப்பது என் பெயரைத் தங்க நிறத்தில் அச்சடித்த ஒரு சான்றிதழ் மட்டும். நேற்று ராத்திரி என் எண்ணையும் முடக்கிவிட்டார்கள். இந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேருவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நோயாளி பராமரிப்பு உதவியாளருக்கான அடிப்படை அறிவு, பாதுகாப்பான நடைமுறை என்று ஆன்லைனில் விளம்பரம் போடுகிற பயிற்சி நிலையங்களில் ஒன்று.

போனில் பேசிய பெண் பணத்தைப் பற்றி எடுத்ததும் பேசவில்லை. ஏன் இந்த வேலைக்கு வர நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பாட்டி ஒன்றரை வருடம் படுத்த படுக்கையாக இருந்ததையும், நான்தான் பார்த்துக்கொண்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்போ உங்களுக்குப் பாதிப் படிப்பு முடிஞ்சிடுச்சும்மா" என்றார். அங்கேதான் விழுந்தேன். பாட்டியை யாராவது ஞாபகப்படுத்தினாலே எனக்குத் தொண்டை அடைக்கும், அவரோ அதைக் காது கொடுத்துக் கேட்டார். பொம்மையை வைத்துச் செய்முறைப் பயிற்சி உண்டா என்றேன். பத்து நாள் நேரடி வகுப்பு என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே மூன்று மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன்.

வந்தது நாற்பது வீடியோ. யாரோ ஸ்லைடைப் படித்துக்கொண்டே போகிறார். "கைகளைச் சுத்தமாக வைத்திருக்கவும்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். எப்போது கழுவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே ஐந்து தருணங்களாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது: நோயாளியைத் தொடுவதற்கு முன், கிருமி படக்கூடாத வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டிலையோ பொருட்களையோ தொட்ட பின். கிளவுஸ் போட்டிருந்தாலும் கழற்றியதும் கை கழுவ வேண்டும். இதெல்லாம் பிறகு வார்டில் ஒரு சிஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

சொல்லாமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தப்பாகச் சொன்னதை எப்படிப் பொறுப்பது? முதுகில் சிவந்த இடத்தை எண்ணெய் விட்டு நன்றாகத் தேய்க்கவும் என்று ஒரு ஸ்லைடு. விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். அதைத் தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் சிதையும்.

அந்தச் சான்றிதழை நம்பி ஒரு வார்டில் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள், பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவரை உட்கார வைக்கச் சொன்னார்கள். வீடியோவில் பார்த்த மாதிரியே வலது கையைப் பிடித்து இழுத்தேன். அது அவருடைய விளங்காத கை. அவருக்குப் பேச்சும் வராது. முகத்தின் ஒரு பாதி மட்டும் வலியில் சுருங்கியது. சிஸ்டர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அந்தத் தோளைத் தாங்கத் தசையில பலம் இல்லம்மா, இழுத்தா மூட்டு விலகிடும்." பிறகு அவரே செய்து காட்டினார். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோள்பட்டைக்குப் பின்னால் கையைக் கொடுத்து மெல்ல எழுப்பினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைச் சொல்லித்தரத்தானே மூன்று மாதச் சம்பளத்தை வாங்கினார்கள்?

அன்றே போன் செய்தேன். நேரடி வகுப்பு அடுத்த பேட்ச்சில் என்றார்கள். அடுத்த வாரம், பொறுப்பாளர் விடுப்பில். அதற்கடுத்த வாரம், "சான்றிதழ்தான் வந்துடுச்சே, அப்புறம் என்ன?" பணத்தைத் திருப்பிக் கேட்டதும், வீடியோவைத் திறந்துவிட்டால் பணம் கிடையாது என்று விதியைக் காட்டினார்கள். நேற்று என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. தங்கையின் போனிலிருந்து அடித்தேன், முதல் ரிங்கிலேயே எடுத்து "வணக்கம், எந்தப் படிப்பில் சேர விரும்புறீங்க?" என்றார். அதே பெண். அதே குரல்.

சரி, சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். செய்முறை வகுப்பு எங்கே, எத்தனை நாள், யார் நடத்துகிறார் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். படித்து முடித்த ஒருவரிடமாவது பேசுங்கள். என்னைப் போல ஏற்கெனவே ஏமாந்து அந்த வீடியோக்களை வைத்திருந்தால், சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், விளங்காத கையைப் பிடித்து இழுக்காதீர்கள். படுத்திருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள். யூரின் பேக்கைக் கட்டில் மேல் வைக்காதீர்கள், அது எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. இன்னும் நிறைய இருக்கிறது, இப்போது முடியவில்லை. பணம் அனுப்பிய ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்புகிறேன்.