டிரெட்டா பஜாரா, டாங்க்ராவா? கொல்கத்தாவின் இரண்டு சீனப் பேட்டைகள்

கொல்கத்தாவில் சீனர் குடியிருப்பு இரண்டு. லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரெட்டா பஜார்தான் மூத்தது. கான்டனீஸ் தச்சர்கள், ஹூபே பல் வைத்தியர்கள், ஹக்கா செருப்புக்காரர்கள் என்று, வெவ்வேறு சீனப் பிரிவினர் தொழில்வாரியாகப் பிரிந்து வாழ்ந்த இடம். ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் தனிக் கோயில், தனிச் சங்கம். கோயிலை அங்கே 'சர்ச்' என்பார்கள். சீ இப், டூங் ஆன் ஆகிய இரண்டையும் தவறவிடக் கூடாது.

இங்கே காலைச் சாப்பாடுதான் விசேஷம்: பாவ் (ஆவியில் வெந்த, உள்ளே பூரணம் வைத்த பன்), மீன் உருண்டை சூப், மோமோ. ஞாயிறு காலை ஆறரைக்குள் போங்கள். ஒன்பதுக்கு மேல் போனால் காய்கறிச் சந்தை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுவே.

கிழக்கே இருக்கும் டாங்க்ரா வேறு ரகம். ஹக்காக்கள் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கட்டினார்கள். குரோமியக் கழிவு பெருகவே, 1996இல் உச்ச நீதிமன்றம் அவற்றை இடம் மாற்ற உத்தரவிட்டது. பல ஆலைகள் நகருக்கு வெளியே உள்ள பான்தாலாவுக்குப் போயின, சில உணவகங்களாயின. சில்லி சிக்கனும் ஹக்கா நூடுல்ஸும் இரவில்தான் களைகட்டும். சீனர்கள் பராமரிக்கும் காளி கோயிலும் உண்டு.

1962 இந்திய-சீனப் போருக்குப் பின் இந்தச் சீனர்களில் பலர் ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிறகு கனடா, ஆஸ்திரேலியா என்று குடும்பங்கள் கலைந்தன. அந்தக் காயம் இரண்டு பேட்டைக்கும் பொது.

வயிறு நிறைய டாங்க்ரா போதும். வரலாறு வேண்டுமென்றால் டிரெட்டாதான், அதிகாலையில் எழ முடிந்தால்.