கார்ள் உயிரோடு இருக்கும் புத்தகம்

என் அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் செத்தவர்கள் எழுந்து நடமாடும் உலகைப் பற்றிய ‘வோக்கிங் டெட்’ படக்கதையின் தொகுப்புகள் நான்கும் படுத்தவாக்கில் கிடக்கின்றன. நிமிர்த்தி வைத்தால் பாரம் தாங்காமல் முதுகு விட்டுவிடும். முதலாவதை 2013இல் வாங்கினேன். நான்காவது 2020 தொடக்கத்தில் கைக்கு வந்தது. இடையில் அதே கதையைத் தொலைக்காட்சித் தொடராகவும் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டோடும் இத்தனை வருடம் பழகிய பிறகு மனதில் தங்கியதைத்தான் எழுதுகிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. இனிமேல்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் படக்கதை ஆசை அப்பாவிடமிருந்து வந்தது. பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களை அவர் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் மாயாவியை நான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து அறிவேன். அது 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய கதை என்பதும், எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பதும் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் கலைஞரின் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. கதை பதிப்பகத்தின் சொத்து. சிவகாசியிலிருந்து கொழும்பு வரை இத்தனை பிள்ளைகளின் இரவுகளை நிறைத்த ஒரு கைக்குப் பெயர் இல்லாமல் போனது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. இன்றும் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலில் உரிமைப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அதன் உரிமையை 130 டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பாத்திரம் எத்தனை படமானாலும், எத்தனை கோடி உழைத்தாலும் முடிவெடுப்பது வேறு யாரோ. இந்த முறைக்கு எதிராகத்தான் 1992இல் டொட் மக்ஃபார்லன், ஜிம் லீ உட்பட ஏழு ஓவியர்கள் சேர்ந்து இமேஜ் கொமிக்ஸைத் தொடங்கினார்கள். அங்கே கதையும் பாத்திரங்களும் படைத்தவருக்கே சொந்தம். பதிப்பகம் இதழுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் படைத்தவருக்கு. படமாக்கும் உரிமையும் அவர் கையிலேயே இருக்கும்.

கேட்க இனிப்பாக இருந்தாலும் இதற்குள் ஒரு பயம் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் வரைந்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. இங்கே முற்பணம் இல்லை. இதழ் விற்காவிட்டால் பல மாத உழைப்புக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த ஆபத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் எழுத்தாளர் ரொபட் கிர்க்மனும் ஓவியர் டோனி மூரும் 2003 ஒக்டோபரில் ‘வோக்கிங் டெட்’டின் முதல் இதழைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். ஏழாவது இதழிலிருந்து கடைசிவரை வரைந்தவர் சார்ளி அட்லார்ட்.

அந்தக் கறுப்பு வெள்ளையின் அருமை எனக்கு 2022இல்தான் முழுதாகப் புரிந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்ததே, அந்த நாட்கள். ரீவி இல்லை, வைஃபை இல்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் லைட் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முதல் தொகுப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். வர்ணப் புத்தகங்கள் அந்த மங்கல் வெளிச்சத்தில் சேறுபோலத் தெரிந்தன. அட்லார்ட்டின் மையோ தெளிவாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே காலி வீதி முழுக்க இருட்டு, தூரத்தில் பெற்றோல் வரிசையில் நிற்பவர்களின் பேச்சு, கையில் ஊர் அழிந்தபின் மனிதர் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று கேட்கும் ஒரு கதை. சோற்றையும் பற்றரியையும் எண்ணி எண்ணிப் பாவிக்கும் அந்தப் பக்கங்களை அதற்கு முன் நான் அப்படி வாசித்ததில்லை. இப்போது வர்ணம் சேர்த்த பதிப்பும் 2020இலிருந்து வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டாம்.

சரி, திரைக்கு வருவோம். தொலைக்காட்சித் தொடர் 2010இல் தொடங்கி 2022 வரை 11 பருவங்கள், 177 அத்தியாயங்கள் ஓடியது. அதில் நான் மனதார நேசிப்பவை உண்டு. டாரில் என்ற பாத்திரம் புத்தகத்தில் கிடையவே கிடையாது, தொடர் பெற்ற பிள்ளை அவன். கரோல் புத்தகத்தில் சிறைச்சாலைப் பகுதியிலேயே உடைந்துபோய் உயிரை விடுகிறாள். திரையில் மெலிசா மக்பிரைட் அவளை எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்த ஒரு மனைவி, கூட்டத்திலேயே மிகவும் அஞ்சத்தக்க ஆளாக மாறுவதை வருடக்கணக்கில் பார்ப்பது, புத்தகம் எனக்குத் தராத ஒன்று. நல்ல நடிகர் ஒருவர் கிடைத்தால் கதை தன் போக்கை மாற்றிக்கொள்ளும். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கதாநாயகன் ரிக்கின் மகன் கார்ள் விஷயத்தில் மட்டும் தொடரை என்னால் மன்னிக்க முடியவில்லை. தொடரில் 2018இல் கார்ள் இறந்துவிடுகிறான். புத்தகத்தில் அவன்தான் கடைசிப் பக்கம். தொடக்கத்தில் சின்னப் பையனாக, தகப்பனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தவன், 193ஆவது இதழில் வளர்ந்து, மணம் முடித்து, வீட்டுத் திண்ணையில் மகளுக்கு ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறான். அந்த மகளின் பெயர் அண்ட்ரியா. அவனைத் தாய்போல வளர்த்தவளின் பெயர் அது. ரிக் பட்ட பாடெல்லாம் அந்தத் திண்ணையில் ஒரு பிள்ளை பயமில்லாமல் கதை கேட்பதற்காகத்தான் என்று அந்த ஒரு காட்சியில் விளங்கிவிடும். கார்ள் இல்லாத தொடர் அந்த முடிவுக்கு எப்படிப் போகும்? அது வேறு கதைகளாகக் கிளை பிரிந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த 193ஆவது இதழ் 2019 ஜூலையில் வந்தவிதம்தான் இத்தனை வருட வாசிப்பில் என்னை அதிகம் அசைத்தது. கதை முடியப்போகிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. 194, 195 என்று வராத இதழ்களுக்கு அட்டைப்படம் வரைந்து விளம்பரமும் கொடுத்திருந்தார்கள். வாசகர் புத்தகத்தை வாங்கிப் பக்கம் புரட்டும்போதுதான் இது கடைசி என்று தெரியவந்தது. சாவு எப்போதும் சொல்லாமல் வரும் ஒரு கதைக்கு முடிவும் சொல்லாமல் வரவேண்டும் என்று நினைத்திருக்கிறார் கிர்க்மன். இன்னும் பல வருடம் விற்றிருக்கக்கூடிய ஒரு தலைப்பை அப்படி நிறுத்த எந்த நிறுவனம் சம்மதிக்கும்? சூப்பர்மேனுக்கு இன்றுவரை முடிவு இல்லை, இனியும் வராது. படைத்தவருக்குச் சொந்தம் என்றால் காசு அவருக்குப் போகும் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். கதையை முடிக்கும் உரிமை அதைவிடப் பெரியது என்பதை அந்த இதழ்தான் எனக்குக் காட்டியது.

இதில் ஒரு நெருடலும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. உரிமை படைத்தவருக்கு என்றால், படைத்தவர் யார்? எழுதியவரா, வரைந்தவரா? டோனி மூர் 2012இல் கிர்க்மன் மீது வழக்குப் போட்டார். அந்த வருடமே இருவரும் சமரசமானார்கள். பாத்திரங்களின் முகத்தை முதலில் கண்டவர் மூர். திரையில் ஒருவர் ரிக் என்று நடந்து வரும்போது அந்த முகத்தின் முதல் கோட்டை யார் போட்டார் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? படமான படக்கதையைப் பற்றிக் கதைக்கும் நாமும் ‘கிர்க்மனின் கதை’ என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் அதைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறேன்.

‘இன்வின்சிபிள்’ என்ற சூப்பர்ஹீரோ கதை திரைக்கு வந்தது, ‘வோக்கிங் டெட்’ தொடருக்கு நேர் எதிரான அனுபவம். கிர்க்மன் எழுத, கோரி வோக்கர் தொடங்கி, ரயன் ஒட்லி பெரும்பகுதியை வரைந்த 144 இதழ்கள். 2003இல் தொடங்கி 2018இல் முடிந்தது. அனிமேஷன் தொடராக 2021இல் அமேசன் பிரைமில் வந்தபோது கிர்க்மனே முன்னின்று நடத்தினார். அதனால் மாற்றங்கள் எல்லாம் தன் பழைய கதையைத் தானே திருத்தும் ஒருவரின் மாற்றங்களாக இருக்கின்றன. கதாநாயகன் மார்க்கின் தகப்பன் ஒம்னிமேன் கொலைகாரன் என்பது புத்தகத்தில் ஏழாவது இதழில்தான் வெளியாகும். திரையில் முதல் அத்தியாயத்தின் கடைசி நிமிடங்களிலேயே காட்டிவிடுகிறார்கள். அதன்பின் மகன் மார்க் அறியாமல் இருக்கும் ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக் காட்சியிலும் நமக்கு வயிறு கலங்குகிறது. தாய் டெபி புத்தகத்தில் அதிகம் அழுபவள். திரையில் அவளே சந்தேகப்பட்டு, இரத்தக் கறை படிந்த உடையைத் தேடி எடுக்கிறாள். சாண்ட்ரா ஓவின் குரலில் அந்த நடுக்கத்தைக் கேட்டபிறகு பழைய டெபியை வாசிக்கும்போது எனக்குப் போதவில்லை.

முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் ஓடி வரும் ரயிலுக்கு முன்னால் ஒம்னிமேன் மகனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி புத்தகத்தில் இல்லை. எங்கள் வீடு வெள்ளவத்தையில் கரையோர ரயில் பாதைக்குக் கிட்ட. காலையில் கோச்சி போகும்போது கதவில் தொங்கிக்கொண்டு போகும் முகங்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் காட்சியைப் பார்த்த அடுத்த நாள் காலை சத்தம் கேட்டதும் பல்கனியில் நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன். புத்தகத்தில் தகப்பனும் மகனும் மோதும்போது நகரம் இடிகிறது, ஆட்கள் சாகிறார்கள், ஆனால் பக்கத்தை நான்தான் புரட்டுகிறேன். வேகம் என் கையில். திரையில் கண்ணை மூடினாலும் சத்தம் நிற்காது. அதே சண்டையின் முடிவில், ஐந்நூறு வருடம் கழித்து உனக்கு என்ன மிஞ்சும் என்று தகப்பன் கேட்க, நீங்கள் இருப்பீர்கள் அப்பா என்று மார்க் சொல்லும் இடம் மட்டும் இரண்டிலும் ஒன்றேதான். அதைத் தொடாமல் விட்டதற்கு நன்றி.

‘ஸ்கொட் பில்கிரிம்’ எனக்கு வேறு வழியாகக் கிட்டவானது. பிரையன் லீ ஓமலி 2004 முதல் 2010 வரை ஆறு பாகங்களாக எழுதி வரைந்த கதை, நடப்பது ரொறன்ரோவில். ஸ்காபுறோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன்தான் ஒவ்வொரு வரவிலும் பெட்டியில் இரண்டு பாகமாகக் கொண்டுவந்து தந்தார். காசா லோமா மாளிகையில் வரும் சண்டையை வாசித்துவிட்டு, “அண்ணா, அந்த இடம் உண்மையாகவே இருக்கிறதா?” என்று கேட்டேன். அடுத்த ஞாயிறே வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினார். 2010 திரைப்படம் எடுக்கப்பட்டபோது ஆறாம் பாகம் முடிந்திருக்கவில்லை. அந்த அவசரம் படத்தின் முடிவில் எனக்குத் தெரிகிறது. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அனிமேயில் ஓமலியும் எழுத்தாளராக இருந்து, முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே கதையை வேறு திசைக்குத் திருப்பினார். இருபது வயதுகளில் எழுதியதை நாற்பதுகளில் திரும்பிப் பார்க்கிறார். மூன்று வடிவத்தையும் வைத்திருக்கிறேன், மூன்றும் வேண்டும்.

‘சாகா’ என்ற படக்கதை இன்னும் திரைக்கு வரவில்லை. பிரையன் கே. வோனும் ஃபியோனா ஸ்டேபிள்ஸும் 2012இல் தொடங்கியது. படமாக்க முடியாத ஒன்றைச் செய்யவேண்டும் என்றே அதைத் தொடங்கியதாக வோன் சொல்லியிருக்கிறார். 2018இல் நிறுத்திவிட்டு 2022 ஜனவரியில்தான் திரும்ப வந்தார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. எனக்கும் அவசரமில்லை.

கொழும்பில் இவற்றை வாங்கி வைத்துக்கொள்வது பற்றி இரண்டு வார்த்தை. 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360ஐத் தாண்டியபோது என் பட்டியல் அப்படியே நின்றுபோனது. புது இதழ்களை இப்போது டிஜிட்டலில்தான் வாங்குகிறேன், தேறியதை மட்டும் புத்தகமாக எடுக்கிறேன். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியிலும், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளிலும் பொறுமையாகத் துழாவினால் சில கிடைக்கும். கடற்காற்றுக்கு ஒட்டுக் கட்டு தாங்காது. என் முதல் தொகுப்பு நடுவில் இரண்டாகப் பிரிந்தே போனது, பைண்டிங் செய்யும் ஒருவரிடம் கொடுத்துத் தைத்து எடுத்தேன். ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலைச் சருகு வைக்கிறேன். ஒரு கடை அனுப்பிய பொதி மழையில் ஊறி வந்த அனுபவமும் உண்டு, மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நேரில் பார்க்காமல் வாங்குவதில்லை.

நம் ஊரிலும் கமிலஸ் பெரேராவின் சிங்களப் படக்கதைப் பாத்திரமான கஜமன் 2023இல் முப்பரிமாண அனிமேஷன் படமாகத் திரைக்கு வந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்க நேரமெடுக்கும், ஆனாலும் சொற்கள் குறைந்த அந்தக் கட்டங்கள் விளங்கும். படக்கதையை வரைந்தவரின் பெயரை ஊரே அறிந்திருந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். தமிழில் இங்கே அப்படி ஒரு பாத்திரம், அப்படி ஒரு பெயர் வரவேண்டும் என்று சரியான ஆசை.

அக்காவின் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன விடுமுறையில் வந்தவள் அலுமாரியைக் கிண்டி அம்மப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து மாயாவியை எடுத்து ஒரே மூச்சில் வாசித்தாள். முடித்துவிட்டு, “மாமா, இதை யார் வரைந்தது? பெயரே போடவில்லையே” என்றாள். பென்சிலை எடுத்து உள் அட்டையில் ஹெசூஸ் பிளாஸ்கோ என்று எழுதிக் கொடுத்தேன்.