ஏலத்தில் 9,000, வீட்டுச் சுவரில் 15,000: பழம்பொருள் வாங்கிய ஆறு வருட அனுபவம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஆன்சோனியா சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த கம்பெனி அது. 1929 வாக்கில் நொடித்துப்போய், எந்திரங்களெல்லாம் சோவியத் ரஷ்யாவுக்கு விற்கப்பட்டன. ஆன்லைன் லைவ் ஏலத்தில் நான் எடுத்த முதல் பெரிய பொருள் இந்தக் கடிகாரம்தான். மூன்றாவது தரத்தில் முடிந்த விலை 9,000 ரூபாய். சுவரில் மாட்டும்போது கையை விட்டுப் போயிருந்தது ஏறக்குறைய 15,000.

2019 கடைசியில் தொடங்கியது இது. ஊரடங்கில் வீட்டிலேயே இருந்தபோது வாராவாரம் ஏலம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இதுவரை முப்பது பொருளுக்கு மேல் எடுத்திருப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஏலத்தில் முடிந்த விலை, வீடு வந்து சேர்ந்த விலை இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆசைப்பட்டு விலையை ஏற்றிவிட்டு வருத்தப்பட்டது அதில் இரண்டு மூன்று தடவைதான். பார்சல் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால் வந்த நஷ்டம்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது.

அந்த ஆன்சோனியா கணக்கையே சொல்கிறேன். ஏல விலை 9,000. அதன் மேல் பையர்ஸ் பிரீமியம், அதாவது வாங்குபவரிடம் ஏலக் கம்பெனி வாங்கும் கமிஷன், 20 சதவீதம், 1,800. பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 324. இதெல்லாம் ஏல விதிகளிலேயே எழுதியிருந்தது, நானும் படித்திருந்தேன். விதியில் இல்லாதது பேக்கிங்கும் கூரியரும். “பொருளை நாங்கள் அனுப்புவதில்லை, வெளி ஆளை ஏற்பாடு செய்து தருகிறோம்” என்று ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது. பேக்கிங் 1,200, கூரியர் 2,430. கடிகாரத்தின் எடை ஆறு கிலோ. பில்லில் போட்டிருந்தது 27 கிலோ.

ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கூரியர் ஆபீஸில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் புரிந்தது. நிறுத்த எடை, வால்யூம் வெயிட் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது வால்யூம் வெயிட். கடிகாரம் 80-க்கு 40, ஆழம் 20. அதை மட்டும் கணக்கிட்டால் 12.8 கிலோ. உடையாமலிருக்கச் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் தெர்மகோல் வைத்ததால் பெட்டி 90-க்கு 50-க்கு 30 ஆகிவிட்டது. பெருக்கி வகுத்தால் சரியாக 27. ஐந்து சென்டிமீட்டர் மெத்தை எடையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டது. அதற்காக மெத்தையைக் குறைக்கச் சொல்லவும் மனம் வராது. அன்றிலிருந்து ஏலத்துக்கு வரும் எந்தப் பொருளை, அதாவது லாட்டை, பார்த்தாலும் அளவைத்தான் முதலில் பார்க்கிறேன். அளவு போடாத லாட் என்றால் மெயில் அனுப்பிக் கேட்டுவிடுகிறேன். சில கம்பெனிகளின் வகுக்கும் எண் வேறாக இருக்கும், அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பித்தளையில் கதை தலைகீழ். குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் அதிக இடத்தை அடைக்காது, கனம் நிறுத்தால்தான் தெரியும். இவற்றுக்குக் கூரியர் வேண்டாம், லாரி பார்சல் சர்வீஸ்தான் சரி. குடோன் டெலிவரி, டூ பே என்று போடச் சொல்லிவிட்டால், எல்ஆர் (லாரி ரசீது) காப்பி வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நாமே போய்ப் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். 22 கிலோ அண்டா ஒன்று கூரியர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து சேர்ந்தது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி. எல்ஆரில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று முத்திரை இருக்கும், அப்படியென்றால் வழியில் என்ன ஆனாலும் நம் பொறுப்பு என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அண்டாவுக்கு அதனால் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நான் அந்த வழியை எடுப்பதே இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல வழி கிடைத்தது. ஒரே ஏலத்தில் தேக்குப் பெட்டி ஒன்றும் சில பித்தளைச் சாமான்களும் எடுத்தேன். பேக் செய்த பிறகு பெட்டி 80-க்கு 50-க்கு 50, அதாவது 40 கிலோவுக்குக் கூலி. உண்மை எடை 14 கிலோ. மீதி 26 கிலோவுக்குக் காற்றுக்காகத்தான் பணம் கட்டுகிறோம். பித்தளையை ஒவ்வொன்றாகப் பழைய போர்வையில் சுற்றி, ஆடாமல் பெட்டிக்குள் அடைக்கச் சொன்னேன். 12 கிலோ சாமான் தனிக்கூலி இல்லாமலே வந்தது. பெட்டியின் உள்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

பேக்கிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதை முன்கூட்டியே கேட்காதவர்கள்தான் அதிகம். அந்த ஆன்சோனியா வந்து இறங்கியதும் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். திறந்து பார்த்ததும் சொன்னார்:

“தம்பி, பெண்டுலத்தைக் கழட்டாமயே அனுப்பியிருக்காங்க. பாருங்க, மேல தாங்குற பட்டை ஒடிஞ்சு கிடக்கு.”

பெண்டுலத்தைத் தாங்குவது காகிதம் போல மெல்லிய ஒரு எஃகுத் தகடு. பயணத்தில் பெண்டுலத்தின் அடியில் உள்ள குண்டு இடமும் வலமும் ஆடினால் முதலில் ஒடிவது அதுதான். தகடு மாற்ற ஆன செலவு சொற்பம். ஆனால் ஆடிய குண்டு கீழ்க் கதவின் கண்ணாடியையும் விரிசல் விடச் செய்திருந்தது. உட்புறமாகப் பொன்னிறத்தில் பூ வரைந்த கண்ணாடி அது. அப்படி ஒன்று இனி எங்கே கிடைக்கும்? விரிசலோடுதான் இன்றும் இருக்கிறது. அதற்கப்புறம் எந்தக் கடிகாரம் எடுத்தாலும், பணம் கட்டும் முன்பே எழுதிவிடுகிறேன்: பெண்டுலத்தையும் சாவியையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள், மணி அடிக்கும் சுத்தியலை நகராமல் கட்டுங்கள், கட்டியபின் ஒரு போட்டோ அனுப்புங்கள். யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

ரவிவர்மா அச்சுப் படங்களிலும் அப்படித்தான் ஒரு பாடம். லோனாவாலா பக்கம் மாளவ்லியில் ஓடிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமி படம் ஒன்று, பழைய சட்டம், பழைய கண்ணாடியோடு வந்தது. வழியில் கண்ணாடி உடைந்து, அதன் சில்லு லட்சுமியின் கன்னத்தில் மெல்லிய கோடு போட்டுவிட்டது. இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்கிறேன். இங்கே புதுக் கண்ணாடி போட 300 ரூபாய். எடையும் குறைகிறது. கண்ணாடியும் பழசு, அதுவும் வேண்டும் என்பவர்கள் அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள், உடைந்தாலும் சில்லு சிதறாது.

அப்புறம் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தபோது, என் பார்சல் ஒன்று குடோனில் தரையில் இருந்தது. உள்ளே ஜெர்மன் பீங்கான் தட்டுகள் ஆறு. தண்ணீர் வடிந்தபின் போய் எடுத்தால், அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் கூழாகிக் கையோடு வந்தது. நான்கு தட்டுகள் போயின. குடோன் ஆட்களைக் குறை சொல்லமாட்டேன், ஊரே தண்ணீரில் நின்ற நாள் அது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தும், அதை அனுப்பிய மும்பைக்காரரிடம் பிளாஸ்டிக் சுற்றச் சொல்லாதது என் தவறு. இப்போது அந்த இரண்டு மாதம் ஏலத்தில் எடுத்தாலும், பொருளை அங்கேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்கிறேன். சில இடங்களில் இரண்டு மூன்று வாரம் இலவசம், அதன்பின் நாள் வாடகை. வாடகை 500 ஆனாலும் கொடுத்துவிடுவது மேல்.

வெளிநாட்டு ஏலத்தில் நான் எடுப்பது காகிதம் மட்டும்தான். பாரிஸில் 1852 முதல் நடக்கும் ட்ரூவோ ஏல மாளிகையில் பழைய பாண்டிச்சேரி அஞ்சலட்டைகள் அவ்வப்போது வருகின்றன. இந்த ஊரிலிருந்து போன குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றனவே. என் சித்தப்பா மகன் அங்கே இருப்பதால் அவன் போய் வாங்கி, கெட்டி அட்டை நடுவில் வைத்துத் தபாலில் போடுகிறான். கனமான பொருளைக் கேட்கவே மாட்டேன். சுங்கவரி பொருள் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்குத்தான் வரி. விமானத்தில் வந்தால் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கூலியைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்பது ஒரு ஆறுதல். எதிர்த்திசையில் வழியே இல்லை. அவன் ஒருமுறை இங்கிருந்து பழைய தீபம் ஒன்று அனுப்பச் சொன்னான். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய தொல்பொருளைத் தனி ஆட்கள் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. அவன் வருத்தப்பட்டான், எனக்கு வருத்தமில்லை. அவை இங்கேயே இருக்கட்டும்.

கதவு, தூண், ஊஞ்சல் பலகை இதையெல்லாம் ஆன்லைனில் எடுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நேரில் போய், தட்டிப் பார்த்து, கரையான் இருக்கிறதா என்று பின்பக்கம் தடவிப் பார்த்து எடுங்கள். ஒரு குட்டி யானையில் ஏற்றி, நாமும் கூடவே வந்துவிடலாம். வண்டி வாடகை முன்பே தெரியும், இடையில் பொருள் கைமாறுவதில்லை.

காப்பீடு பற்றிக் கேட்பார்கள். பழம்பொருளுக்கும் கண்ணாடிக்கும் பொருந்தாது என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு பிரீமியம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் உறுதி வாங்காமல் அதற்குப் பணம் கட்டுவதில்லை. பெட்டி பிரிப்பதை மட்டும் முதல் டேப் கிழிப்பதிலிருந்தே வீடியோ எடுத்துவிடுகிறேன். ஒருமுறை அந்த வீடியோவைப் பார்த்துத்தான் ஏலக்காரரே பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார்.

இப்போது என் முறை இதுதான். லாட் பிடித்துவிட்டால், ஏலத்துக்கு நான்கு நாள் முன்பே 605003 என்று பின்கோடு போட்டு, பேக்கிங்கோடு எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்கிறேன். என்னால் மொத்தமாக 12,000 முடியும் என்றால், அதிலிருந்து பார்சல் செலவை முதலில் கழித்து, பிறகு பிரீமியத்தையும் வரியையும் கழித்து, மிச்சத்தைத்தான் என் கடைசி விலையாக நோட்டில் எழுதுகிறேன். லைவில் மணி அடிக்க அடிக்கக் கை பரபரக்கும். நோட்டு திறந்தே இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கொல்கத்தாவில் யுங்ஹான்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் மேஜைக் கடிகாரம் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. மரப் பெட்டி, வெள்ளை டயல், சாவி இருக்கிறது. அளவு கேட்டு மெயில் போட்டு இரண்டு நாளாகிறது. சனிக்கிழமைக்குள் பதில் வந்தால் ஏலம் கேட்பேன். வராவிட்டால் விட்டுவிடுவேன்.