பினாங்கில் மதரஸா: மாடிக்கடையா, வக்ஃப் நிலமா?

தமிழில் மார்க்கம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்கு இடம் தேடும் ஜமாஅத்தார் (பள்ளிவாசல் சமூகத்தார்) தடுமாறுவது இங்கேதான்: கடையின் மாடியை வாடகைக்கு எடுப்பதா, வக்ஃபாக, அதாவது அறத்துக்கென நிரந்தரமாக ஒதுக்கிய நிலத்தில் கட்டுவதா?

செலவு: மாடிக்கடைக்கு வாடகையும் முன்பணமும் போதும். வக்ஃபுக்கு நிலமே வேண்டும்.

நிலைப்பு: ஒப்பந்தம் முடிந்தால் மாடிக்கடையில் மூட்டை கட்ட வேண்டியதுதான். வக்ஃப் நிலத்தை யாரும் விற்க முடியாது. ஆனால் அறங்காவலர் நீங்கள் அல்ல, மாநில இஸ்லாமிய சமய மன்றம். இதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள்.

வசதி: பினாங்கில் கிப்லா (தொழுகையில் முகம் நோக்கும் மக்கா திசை) மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே. நேர்மேற்கு பார்த்த கடையில் ஸஃப் (தொழுகை வரிசை) கோணலாக விழும், மூலைகள் வீண். ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுதல்) செய்யும் தரைக்கு நீர்க்காப்புப் பூசாவிட்டால் கீழ்க்கடைக் கூரை ஒழுகும். சொந்தக் கட்டடத்தில் சுவரையே கிப்லாவுக்கு எழுப்பலாம்.

உஸ்தாதுக்குத் தௌலியா (மார்க்கம் கற்பிக்கும் அனுமதி) இரண்டிலும் வேண்டும்.

இருபது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பா? மாடிக்கடை. ஜும்ஆவும் (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) வேண்டுமா? வக்ஃப், அதற்கும் தனி அனுமதியோடு.