படத்தில் விழுகிறவருக்கு எது தேவலை?

கேமராவை வாங்குகிறவருக்கு எது நல்லது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் எல்ல என்ற ஊரின் ஒன்பது வளைவுப் பாலத்திலும் தம்பதென்னைத் தேயிலை மலையிலும் நாள் முழுக்க யாரோ ஒருவரின் படத்தில் விழுகிறவர்கள் பக்கம் நின்று போன், ஆக்‌ஷன் கேமரா, கேமரா வைத்த கண்ணாடி, ட்ரோன் எல்லாவற்றையும் பார்த்தால் கணக்கே வேறு.

போனில் கையைத் தூக்கினால்தான் படம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற அக்கா அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், "இப்ப வேணாம் தம்பி" என்று சொல்லிவிடலாம். ஒளித்து எடுக்கிறவர்களும் உண்டுதான். ஆனால் அவர்களுக்குக் கொஞ்சம் நடிப்பு தேவைப்படும்.

பதுளை ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் மாட்டியிருக்கும் ஆக்‌ஷன் கேமரா வேறு ரகம். அகன்ற லென்ஸ். தண்டவாளத்தை ஒட்டியே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள், கொடியில் துணி, பீலித் தண்ணீரில் குளிக்கிற பெண்கள். எடுத்தவர் மலையைத்தான் பார்த்திருப்பார். ஓரத்தில் யார் இருந்தார் என்று அவருக்கே தெரியாது. கெட்ட எண்ணமே இல்லாமல் நடக்கிற தொல்லை இது.

கேமரா வைத்த மூக்குக்கண்ணாடிக்குத்தான் என் பட்டியலில் கடைசி இடம். ரேபான் மெட்டா என்ற அந்த வகைக் கண்ணாடியில் பதிவு ஓடும்போது சின்ன வெள்ளை விளக்கு எரியும். அதை மூடினால் படம் எடுக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உச்சி வெயிலில், நாலு தேயிலை நிரைக்கு அப்பால் நிற்கிறவருக்கு அது கண்ணில் படுமா? பட்டாலும் அதற்கு அர்த்தம் தெரியுமா? இதன் முந்தைய மாடல் வந்த 2021-லேயே அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. 2024-இல் ஹார்வர்ட் மாணவர்கள் இருவர் இதே கண்ணாடியோடு முகத்தை வைத்து இணையத்தில் ஆளைத் தேடும் வசதியை இணைத்து, வழியில் பார்த்தவர்களின் பெயர், முகவரி வரை எடுத்துக்காட்டினார்கள்.

ட்ரோன் குறைந்தபட்சம் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. ஆனால் லயத்துக்கு மேலே நிற்பதைப் பார்த்து யாரிடம் போய் "வேணாம்" என்பது?

சட்டம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். இலங்கையின் 2022-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் தன் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ மட்டும் வைத்திருக்கும் பதிவுகளைத் தொடுவதில்லை.

ஆகவே என் ஓட்டு போனுக்கு, அதுவும் கேட்டுவிட்டு எடுப்பதற்கு. பறித்த கொழுந்தை நிறுக்கிற நிறுவைக்கு முந்தின நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் சிரிக்கச் சொல்லி நிறுத்தி வைத்து, கொழுந்து குறைந்தால் அந்த அக்காவுக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும்.