சொந்த டிரஸ்ட்டா, பள்ளிக்கே நேராகவா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மாமா கட்டிய காம்ப்ளக்ஸில் பன்னிரண்டு கடைகள். மூலை மடங்கிய வாடகை நோட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: "மாப்ளே, இதில் பாதி தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு. டிரஸ்ட் ஆரம்பிக்கட்டுமா, பள்ளிக்கே கொடுத்துரட்டுமா?"

அமெரிக்காவில் மால் கட்டிய இருவர் நினைவுக்கு வந்தார்கள். ஜேம்ஸ் ரவுஸ் 1982இல் ஏழைகளின் வீட்டுவசதிக்காகத் தனி அறக்கட்டளை தொடங்கினார்; 1996இல் அவர் இறந்த பிறகும் அது நடக்கிறது. ஆல்ஃபிரட் டாப்மன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கே அள்ளிக் கொடுத்தார். அங்கே கட்டடக்கலைக் கல்லூரிக்கு அவர் பெயர்.

செலவு: டிரஸ்ட்டுக்குப் பத்திரம், பதிவு, வருடாவருடம் ஆடிட்டர். பள்ளிக்கு ஒரு செக் போதும்.

சிரமம்: வரிவிலக்கு வேண்டுமானால் டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறத்துக்குச் செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். நேரடியில் அந்தக் கணக்கு வேலை நமக்கு இல்லை.

ஆயுள்: இங்கேதான் டிரஸ்ட் ஜெயிக்கிறது. தலைமையாசிரியர் மாறினால் நாம் கொடுத்த பணம் சுவருக்குப் பெயின்ட் ஆகிவிடலாம். கட்டடத்தில் பாதியையே டிரஸ்ட் பெயரில் எழுதினால், வாடகை வரும்வரை உதவித்தொகையும் வரும்.

பொறுப்பெடுக்க அடுத்த தலைமுறை இருந்தால் டிரஸ்ட். தனியாளாக ஓடுபவருக்கு நேரடி. மாமாவுக்கு இரண்டு பெண்கள், இருவரும் கணக்கில் கெட்டி. டிரஸ்ட்டே என்றேன்.